பழனி மலையிலிருந்து மங்கலான நெபுலாக்களைப் படம்பிடித்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

விண்வெளியின் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களைப் படம்பிடிக்க விரும்பும் புதியவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம் என்பதுதான். அதற்கு இந்தக் கட்டுரையில் விடை உண்டு. ஆனால் வரிசையில் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. இருண்ட இடம், வானத்தின் சுழற்சியைப் பிசகாமல் பின்தொடரும் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), ஒரே பொருளின்மீது பல மணி நேரம் கேமராவை நிறுத்தி வைக்கும் பொறுமை ஆகிய மூன்றும் கூடிவிட்டால், கைப்பிடிக்குள் அடங்கும் 60 மில்லிமீட்டர் ஒளிவிலகல் தொலைநோக்கியே போதும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் அதை ஈடுகட்டாது. பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று நீளும் மேல்மலைக் கிராமங்களை மனத்தில் வைத்து, தை, மாசி மாதங்களில் ரோசெட் நெபுலா என்ற ஒரே பொருளைப் படம்பிடிக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன். இந்த ஒன்றைச் செய்யக் கற்றவருக்கு மற்றவை தாமே வசப்படும்.

நேரம் ஏன் இத்தனை வேண்டும்

ரோசெட் நெபுலா சுமார் 5,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வாயு மண்டலம். அதன் நடுவே இருக்கும் என்ஜிசி 2244 என்ற இளம் விண்மீன் கூட்டத்திலிருந்து கிளம்பும் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனிகளாக்குகின்றன. பிரிந்துபோன எலக்ட்ரான்கள் மீண்டும் அணுக்களோடு சேரும்போது, 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன்-ஆல்ஃபா எனப்படும் சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. இருட்டில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்கள் இந்தச் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஆகவே தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பவருக்கு விண்மீன் கூட்டம் தெரியும். அதைச் சூழ்ந்திருக்கும் மலர் வடிவம் பெரும்பாலும் தெரியாது. குதிரைத்தலை நெபுலாவும் முதலில் கண்டறியப்பட்டது கண்ணால் அல்ல; 1888-இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் புகைப்படத் தகடு ஒன்றை ஆராய்ந்தபோது வில்லியமினா ஃபிளெமிங் அதைக் கண்டார்.

நீண்ட எக்ஸ்போஷர், அதாவது நெடுநேரம் ஒளியைப் பதிய விடுவது, இந்தக் கலையோடு பிறந்தது. ஓரியன் நெபுலாவின் முதல் புகைப்படத்தை 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் எடுத்தபோது, தகட்டை 51 நிமிடங்கள் திறந்து வைத்திருந்தார். அதுவோ வானத்திலேயே பளிச்சென்ற நெபுலாக்களில் ஒன்று. இன்றைய டிஜிட்டல் சென்சார் அந்தத் தகட்டைவிடப் பல மடங்கு உணர்திறன் கொண்டது என்பது உண்மை. ஆனால் நாம் தேடிச் செல்லும் பொருள்களும் அதைவிடப் பல மடங்கு மங்கலானவை.

டிஜிட்டல் கேமராவில் 51 நிமிடங்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடப் படங்கள் நூற்றுக்கு மேல் எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறோம். நெபுலாவின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழுகிறது; இரைச்சல் எனப்படும் தாறுமாறான புள்ளிகள் படத்துக்குப் படம் வெவ்வேறாகச் சிதறுகின்றன. படங்களின் எண்ணிக்கை கூடும்போது சமிக்ஞைக்கும் (அதாவது நெபுலாவின் ஒளிக்கும்) இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் உயர்கிறது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது: ஒரு மணி நேரப் பதிவைவிட நான்கு மணி நேரப் பதிவு இரண்டு மடங்கு தெளிவாக இருக்கும், அதைப் போல் இன்னும் இரண்டு மடங்கு வேண்டுமானால் பதினாறு மணி நேரம் தேவை. ஓர் இரவில் ஐந்து நெபுலாக்களைத் தலைக்கு நாற்பது நிமிடம் வீதம் எடுத்துவிட்டுத் திரும்பும் புதியவர், ஐந்து சுமாரான படங்களோடுதான் திரும்புவார். முதல் இரவில் முழு நேரத்தையும் ஒரே பொருளுக்குக் கொடுங்கள்.

கருவிகள்

முதலில் மவுண்ட். வானம் வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வீதம் நகர்கிறது. அதற்கு எதிராகக் கேமராவை அதே வேகத்தில் திருப்ப, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் ஈக்குவட்டோரியல் மவுண்ட் வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசையும் ஆல்ட்-அசிமுத் மவுண்டோ டாப்சோனியன் பெட்டியோ இந்த வேலைக்கு உதவாது. அவை பொருளைப் பார்வையின் நடுவிலேயே வைத்திருந்தாலும் படம் மெல்லச் சுழன்றுகொண்டே போகும். உச்சி வானத்தில் இந்தச் சுழற்சி மிக வேகமானது, நம் ரோசெட்டோ உச்சியை ஒட்டியே கடந்துபோகிறது.

கேமராவும் லென்ஸும் மட்டும் வைத்துத் தொடங்குவோருக்கு ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வெஞ்சரர் போன்ற சிறிய டிராக்கர்கள் போதும். சிறு தொலைநோக்கியை ஏற்றுவதானால் கொஞ்சம் கனமான மவுண்ட் வேண்டும். வாங்குமுன் ஒரு விவரத்தைக் கட்டாயம் பாருங்கள்: மவுண்டின் அச்சை எத்தனை பாகை அட்சரேகை வரை கீழே இறக்கலாம் என்பது. கொடைக்கானல் ஏறத்தாழ 10.2 பாகை வடக்கில் இருக்கிறது. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில மவுண்ட்கள் 15 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும். கடைக்காரர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை, குவியத் தூரம் 300 முதல் 400 மில்லிமீட்டர் வரை உள்ள, நிறப்பிசகைக் குறைக்கும் ஈடி (ED) கண்ணாடி பொருத்திய 60 அல்லது 70 மில்லிமீட்டர் ஒளிவிலகல் தொலைநோக்கியும், படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸான, அதற்குரிய ஃபீல்டு ஃபிளாட்னரும் புதியவருக்கு ஏற்றவை. 360 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் ஏறத்தாழ 3.5 பாகைக்கு 2.4 பாகை வானத்தை உள்ளடக்கும். ரோசெட்டின் அகலம் சுமார் 1.3 பாகை, அதாவது முழு நிலவைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே அது சட்டத்துக்குள் தாராளமாக அமர்கிறது. ஒரு பிக்சலில் எத்தனை விகலை விழுகிறது என்பதை அறிய, பிக்சலின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலும் 360 மில்லிமீட்டர் குவியத் தூரமும் சேர்ந்தால் 2.15 விகலை வரும். தொடக்கநிலை மவுண்ட் தாங்கக்கூடிய அளவு இது. 1,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குவியத் தூரத்தில் தொடங்குபவர், மவுண்டின் ஒவ்வொரு சிறு பிழையையும் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே முதல் ஆண்டைக் கழிப்பார். எஃப் எண் (குவியத் தூரத்தை முன் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) சிறியதாக இருப்பதும் முக்கியம்: ஒரே குவியத் தூரத்தில் எஃப்/4 கருவி எஃப்/8 கருவியைவிட நான்கு மடங்கு ஒளியைப் பிக்சலுக்குத் தரும்.

கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி, தோலின் நிறம் இயல்பாகத் தெரிவதற்காக ஆழ்சிவப்பைத் தடுக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியின் பெரும்பகுதி அங்கேயே வீணாகிறது. பழைய கேமரா ஒன்றை வாங்கி அந்த வடிகட்டியை நீக்கித் தரச் செய்வது, இந்தக் கலையில் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டும் அனுமதிக்கும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டிகளைப் பலர் முதலிலேயே வாங்குகிறார்கள். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ மொட்டைமாடியிலிருந்து எடுப்பவருக்கு அது முதல் தேவை. மேல்மலை இருளில் அது கடைசித் தேவை. வடிகட்டி நீக்கப்படாத கேமராவின் முன்னால் அதைப் பொருத்துவதால் பயனும் குறைவு, ஏனென்றால் உள்ளே இருக்கும் தடை அப்படியேதான் இருக்கிறது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சிறந்தது. மவுண்ட், பனி நீக்கும் ஹீட்டர், கேமரா எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-மணி ஆகும். 20 ஆம்பியர்-மணி உள்ளதை எடுத்துச் செல்லுங்கள். காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தால், விடியற்காலையில் மலைக் கிராமத்தில் காரைத் தள்ளிக் கிளப்ப ஆள் தேட நேரிடும்.

இடமும் நாளும்

வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு, தை பிறந்ததிலிருந்து பங்குனி தொடக்கம் வரை மேல்மலையில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சித்திரையில் மாலை இடிமழை தொடங்கிவிடும்; ஜூனுக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றோடு மேகம் வந்து அமர்ந்துவிடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் வார இறுதி அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசி என்பதால் நிலவுத் தொல்லையும் இல்லை, விழித்திருக்கும் வழக்கமும் துணைக்கு வரும். ஆனால் அன்று கோயில் உள்ள ஊர்களில் அலங்கார விளக்குகள் விடிய விடிய எரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கொடைக்கானல் நகரத்தில் ஏரியைச் சுற்றியுள்ள விளக்குகளே போதும், மங்கலான பொருளைக் கெடுக்க. பூம்பாறையைத் தாண்டினால் அந்த ஒளி கிழக்கில் ஒரு மங்கல் வளைவாகச் சுருங்கிவிடுகிறது. வடக்கே பழனி, உடுமலைப் பக்கத்துச் சமவெளியின் வெளிச்சம் அடிவானத்தில் தெரியும். சமவெளியின்மேல் தாழ்ந்த மேகம் படர்ந்து மலை மட்டும் மேலே தெளிவாக நிற்கும் இரவுகளில் அந்த வெளிச்சமும் மூடப்பட்டுவிடும், அத்தகைய இரவு அமைந்தால் தூக்கத்தைத் துறந்துவிடலாம். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தாக்கின் அடியையும் நீர்நிலையின் கரையையும் தவிருங்கள். குளிர்ந்த காற்று இரவில் சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், மூடுபனியும் உறைபனியும் முதலில் அங்கேதான் வரும். பூண்டுத் தோட்டங்களின் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே, சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் வீட்டு முற்றம் ஏற்றது. தங்கும் வீட்டுக்காரரிடம் மாலையிலேயே, "அண்ணே, அந்த வாசல் லைட்டை மட்டும் இன்னைக்கு ராத்திரி அணைச்சு வைங்க" என்று கேட்டுவிடுவது, எந்த வடிகட்டியையும்விடப் பயனுள்ள செயல்.

காட்டுப் பக்கம் போக வேண்டாம். இந்த மலையின் பெரும்பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்கு உட்பட்டது. பேரிஜம் போன்ற இடங்களுக்குப் பகலில் செல்லவே வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டுமாடுகள் இரவில் ஊருக்குள்ளேயே வந்து மேய்வதால், சாலையோரப் புல்வெளியில் முக்காலியை நிறுத்துவதும் பாதுகாப்பானதல்ல. வேலியிட்ட முற்றமோ மொட்டைமாடியோ போதும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறையில் உள்ளது; கிளம்புமுன் அதையும் எடுத்துவிடுங்கள்.

துருவச் சீரமைப்பு

தமிழ்நாட்டில் இந்தக் கலையைக் கற்பவரைக் குளிரைவிட அதிகம் சோதிப்பது இந்தப் படிதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்குத் தெளிவான விடை தருவதுமில்லை. மவுண்டின் அச்சை வட வான் துருவத்தை நோக்கித் திருப்ப வேண்டும். துருவத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், பழனி மலையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில் மட்டுமே இருக்கிறது; கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் அவ்வளவு வரும். வடக்கே ஒரு யூகலிப்டஸ் வரிசையோ எதிர்மலையின் முகடோ இருந்தால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். ஆகவே பகலிலேயே கைப்பேசியின் திசைகாட்டியையும் ஸ்டெல்லேரியம் செயலியையும் வைத்து, முற்றத்தின் எந்த மூலையிலிருந்து வடக்கு அடிவானம் தெரிகிறது என்று பார்த்து வையுங்கள்.

நம் பருவத்தில் ஒரு சாதகம் உண்டு. துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. அதிலிருந்து பாகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, துருவத்தைச் சுற்றி வருகிறது. ஜனவரி மாத முன்னிரவில் அது துருவத்துக்கு மேற்புறம் இருப்பதால் 11 பாகையை நெருங்கி நிற்கும். மே மாத நள்ளிரவில் கீழ்ப்புறம் இறங்கி 10 பாகைக்கும் கீழே போய்விடும். எனவே தை மாதத்தில், இருட்டியவுடனேயே இந்த வேலையை முடிப்பது நல்லது.

முக்காலியை முதலில் ரசமட்டத்தால் சமன் செய்யுங்கள். வழக்கமாக ஒரு காலை வடக்கு நோக்கி வைக்கச் சொல்வார்கள். இந்த அட்சரேகையில் அச்சு ஏறக்குறையப் படுத்துக்கிடப்பதால், எதிர் எடை செங்குத்தாகத் தொங்கி, சற்றே வடக்கே சாய்ந்து, அந்த வடக்குக் காலிலேயே மோதும். இரண்டு கால்கள் வடக்கே விரிந்தும் ஒரு கால் தெற்கிலும் இருக்குமாறு திருப்பி வைத்தால், எடை இரண்டு கால்களுக்கு நடுவே தடையின்றிச் சுழலும். மவுண்டின் பாரம் வடக்குப் பக்கமே சாய்ந்திருப்பதால் நிலைப்பும் கூடும். சில மவுண்ட்களில் இதற்காகத் திசைத் திருகுகள் பற்றும் முளையை வேறு துளைக்கு மாற்ற வேண்டியிருக்கும். இதை வீட்டில் வெளிச்சத்தில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இதன் பிறகு மூன்று வழிகள் உள்ளன. துருவ நட்சத்திரம் தெரிந்தால், மவுண்டின் துருவத் தொலைநோக்கி வழியாகப் பார்த்து, செயலி காட்டும் கடிகார நிலையில் அதை வைப்பது முதல் வழி. அது தெரியாவிட்டால், நினா என்ற இலவச மென்பொருளில் உள்ள மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு இரண்டாம் வழி: வானத்தின் வேறு பகுதியில் மூன்று இடங்களில் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பிலிருந்து அச்சின் பிழையைக் கணக்கிட்டு, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது சொல்லும். மடிக்கணினி இருந்தால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். கணினியே இல்லாதவர், தெற்கு நோக்கி உச்சிக் கோட்டருகே (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கற்பனைக் கோடு) உள்ள ஒரு விண்மீனையும், பின்னர் கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு விண்மீனையும் கவனித்து, அவை வடக்கோ தெற்கோ நகர்வதைக் கொண்டு திருத்தும் பழைய நகர்வு முறையைப் பயன்படுத்தலாம். நேரம் பிடிக்கும், ஆனால் மரங்கள் எங்கே இருந்தாலும் வேலை செய்யும்.

எவ்வளவு துல்லியம் போதும்? அச்சு ஒரு கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) தவறியிருந்தால், விண்மீன் அதிகபட்சமாக நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் விகலை நகரும். ஐந்து கலை பிழை இருந்தால் இரண்டு நிமிடத்தில் 2.6 விகலை, அதாவது மேலே கணக்கிட்ட பிக்சலில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அதனால் ஐந்து கலைக்குள் வந்துவிட்டால் நிறுத்திவிட்டுப் படமெடுக்கத் தொடங்குங்கள். 10 பாகை உயரத்தில் காற்றுமண்டலத்தின் ஒளிவிலகல் மட்டுமே பொருளை நான்கைந்து கலை உயர்த்திக் காட்டுகிறது. மென்பொருள் கணக்கும் துருவத் தொலைநோக்கியின் காட்சியும் சற்று வேறுபடுவதற்கு இது ஒரு காரணம், அதைத் துரத்திக்கொண்டு ஒரு மணி நேரத்தை இழக்க வேண்டாம்.

இரவு வேலை

ஜனவரி இறுதியில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில், அதாவது இரவு ஏழே முக்கால் மணிவாக்கில், வானம் முழுமையாக இருண்டுவிடும். அப்போது ரோசெட் கிழக்கில் 50 பாகை உயரத்துக்கு ஏறியிருக்கும். திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து புரோசியான் என்ற விண்மீனை நோக்கிக் கோடு இழுத்தால் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் அது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால், 20 வினாடிச் சோதனைப் படங்கள் எடுத்து, என்ஜிசி 2244-இன் நீள்சதுரமாக அமைந்த விண்மீன்களைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

குவியத்துக்கு, கோடு கோடாக வெட்டிய மூடியான பாஹ்டினோவ் முகமூடியைத் தொலைநோக்கியின் முன்னால் மாட்டி, சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டின் குறுக்குச் சந்திப்பில் சரியாக விழும்போது குவியம் அமைந்துவிட்டது. முகமூடியைக் கழற்ற மறக்காதீர்கள். மலையில் வெப்பநிலை முன்னிரவில் வேகமாக இறங்குவதால் குழாய் சுருங்கிக் குவியம் நகரும். முதல் மூன்று மணி நேரம் வரை மணிக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

கேமராவை மேனுவலில், ரா வடிவத்தில், ஐஎஸ்ஓ 800-இல், 120 வினாடியில் வையுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதே நேரம் மூடிய படம் ஒன்றை எடுத்து, இரவின் பாதியை விழுங்கிவிடும். கேமராவின் பின்புறத்தில் உள்ள ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தைவிட்டுத் தெளிவாக விலகி, கால் பங்குக்குள் நின்றால் எக்ஸ்போஷர் சரி. ஒட்டியிருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். விண்மீன்கள் நீளமாகத் தெரிந்தால் குறையுங்கள். திரையில் தெரியும் படம் ஏறக்குறையக் கறுப்பாக, ஒரு மங்கலான சிவப்புக் கறையோடு இருக்கும். அதுதான் இயல்பு.

இரண்டு மூன்று படங்களுக்கு ஒரு முறை தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் வேண்டுமென்றே நகர்த்துவதை டிதரிங் என்பார்கள். சென்சாரின் நிலையான குறைகள் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழுந்து கோடுகளாகத் தெரிவதை இது தடுக்கிறது. வழிநடத்தும் சிறு தொலைநோக்கியும் பிஎச்டி2 மென்பொருளும் இருந்தால் இது தானாக நடக்கும். இல்லாதவர் அரை மணிக்கு ஒரு முறை கையால் மிகச் சிறிது நகர்த்தினாலே பலன் தெரியும்.

இரவு பத்தே கால் மணியளவில் ரோசெட் உச்சிக் கோட்டைக் கடக்கும். அப்போது மவுண்ட் மறுபக்கம் புரள வேண்டும். உச்சிக்கு ஐந்து பாகை அருகில் இது நடப்பதால், கேமராவின் பின்புறம் முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். புரண்ட பிறகு பொருளை மீண்டும் நடுவில் வைத்துத் தொடருங்கள். இரண்டு மணிவாக்கில் அது மேற்கில் 30 பாகைக்கு இறங்கும் வரை எடுத்தால், தடங்கல்கள் போக ஐந்து மணி நேரப் பதிவாவது கையில் இருக்கும்.

நள்ளிரவுக்குப் பிறகு பனி இறங்கும். தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், முதலில் நனைவது அதுதான். லென்ஸின் கழுத்தில் சுற்றும் ஹீட்டர் பட்டையை முன்னிரவிலேயே குறைந்த சூட்டில் ஓட விடுங்கள். நனைந்துவிட்டால் துணியால் துடைக்க வேண்டாம், பூச்சு கீறும். சூட்டைக் கூட்டிக் காத்திருங்கள். வேலை முடிந்ததும் கருவிகளை வெளியிலேயே பைக்குள் வைத்து மூடி, பிறகு அறைக்குள் கொண்டு செல்லுங்கள்.

தூங்கப் போகுமுன்

மூன்று வகைத் துணைப் படங்கள் வேண்டும். மூடியை மாட்டி, அதே ஐஎஸ்ஓவிலும் அதே 120 வினாடியிலும், இரவின் அதே குளிரிலேயே எடுக்கும் இருபது முப்பது டார்க் படங்கள் சென்சாரின் வெப்ப இரைச்சலைப் பதிவு செய்கின்றன. மூடிய நிலையில் மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பவை பயஸ் படங்கள். ஃபிளாட் படங்களுக்குக் கேமராவைக் கழற்றாமல், குவியத்தையும் மாற்றாமல், சுத்தமான வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக்கித் தொலைநோக்கியின் வாயில் சுருக்கமின்றிக் கட்டி, விடியற்கால வானத்தை நோக்கித் திருப்பி, ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்குமாறு முப்பது படங்கள் எடுக்க வேண்டும். சென்சார்மேல் உள்ள தூசுப் புள்ளிகளும் ஓரங்களின் இருட்டும் இவற்றைக் கொண்டுதான் நீக்கப்படுகின்றன. களைப்பில் பலரும் விடுவது ஃபிளாட்டைத்தான். மங்கலான நெபுலாவில் விடக் கூடாததும் அதுவே, ஏனென்றால் ஓர இருட்டின் அளவு நெபுலாவின் ஒளியைவிடப் பெரியது.

கணினியில்

இலவச மென்பொருள்களில் சிரில் புதியவருக்குப் போதுமானது. ஒரு கோப்புறைக்குள் லைட்ஸ், டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பயஸஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்ட நான்கு கோப்புறைகளை உருவாக்கி, படங்களைப் பிரித்து வைத்து, வண்ணக் கேமராவுக்கான ஸ்கிரிப்டை ஓட்டினால், திருத்துதல், பொருத்துதல், அடுக்குதல் எல்லாம் தானாக நடக்கும். செயற்கைக்கோள் கீற்றுகள் உள்ள படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே படத்தில் மட்டும் தோன்றும் புள்ளிகளை அடுக்கும் முறையே விலக்கிவிடும். மேகம் கடந்தவற்றையும் விண்மீன் நீண்டவற்றையும் மட்டும் நீக்குங்கள்.

அடுக்கிய படத்தில் வேலையின் வரிசை முக்கியம். ஓரங்களை வெட்டி, பின்னணியின் ஏற்றத்தாழ்வை நீக்கி, நிறத்தைச் சமன் செய்த பிறகே மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டும் ஸ்ட்ரெச்சுக்குப் போக வேண்டும். பின்னணி நீக்கத்தில் மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின்மேல் வைத்துவிட்டால், இரவெல்லாம் சேர்த்த மெல்லிய புற இதழ்களை மென்பொருள் வானத்தின் அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும்; புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நெபுலாவின் மீதுள்ளவற்றை நீக்குங்கள். ஸ்ட்ரெச்சை ஒரே தடவையில் இழுக்காமல் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். பின்னணி முழுக் கறுப்பானால் மங்கலான பகுதி வெட்டுப்பட்டது என்று பொருள். அடர் சாம்பல் நிறத்தில் நிற்பதே சரி. நிறச் செறிவை ஏற்றுவதில் கை கட்டுப்பாடு வேண்டும்: குங்குமச் சிவப்பில் ஒளிரும் ரோசெட் படங்கள் இணையத்தில் நிறைய உண்டு, அவற்றில் நடுப்பகுதியின் ஆக்சிஜன் தரும் இளநீலச் சாயல் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

மூலக் கோப்புகளை அழிக்காமல், இடம், நாள், எக்ஸ்போஷர், கேமராவின் கோணம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசையில் அதே கோணத்தில் எடுக்கும் ஐந்து மணி நேரத்தை இதனோடு சேர்த்து அடுக்கலாம்.

அடுத்த பொருள்

மார்ச் நடுவில் இரவு பதினொன்றரை மணியளவில், தெற்கே 20 பாகை உயரத்தில் கரினா நெபுலா உச்சிக் கோட்டைக் கடக்கிறது. இரண்டு பாகை அகலம் கொண்ட இது 30 பாகைக்கு வடக்கே வாழ்பவர்களுக்கு எழுவதே இல்லை. டெல்லியிலிருந்து பார்த்தால் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும் அளவுதான். பழனி மலையின் தாழ்வான அட்சரேகை நமக்குத் துருவ நட்சத்திரத்தில் எடுத்துக்கொண்டதை இங்கே திருப்பித் தருகிறது. நடுப்பகுதி மிகப் பிரகாசமானது என்பதால் 30 வினாடிப் படங்கள் சிலவற்றைத் தனியாக எடுத்து, பின்னர் 120 வினாடிப் படங்களோடு இணைக்க வேண்டும். தாழ்வாக இருப்பதால் ஓர் இரவில் இரண்டு முதல் மூன்று மணி நேரமே கிடைக்கும். ஆகவே இரண்டு மூன்று இரவுகளுக்குத் திட்டமிடுங்கள். தெற்கு விளிம்பில் உள்ள இடங்களில் பெரியகுளம், தேனிப் பக்கத்து வெளிச்சம் நேராக எழுந்து வரும். மேல்மலை ஊர்களில் தெற்கு முகடு அந்த வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் முகடு உயரமாக இருந்தால் நெபுலாவையும் சேர்த்து மறைத்துவிடும். இடத்தை முடிவு செய்யுமுன், பகலில் அங்கே நின்று, தெற்கு முகட்டை நோக்கி நீட்டிய கையின் இரண்டு முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அடிவானத்திலிருந்து எண்ணும்போது முகடு முதல் முட்டிக்குள் அடங்கினால் அந்த முற்றம் உங்களுக்கு ஏற்றது.